இடப்பக்கம் காட்டிய அம்பு

காலை ஆறே முக்காலுக்கு வானொலியில் காற்று சொல்வார்கள். தரைக்காற்று அல்ல, மலை உச்சிக்கு மேலே வீசும் காற்று. சகுராஜிமா என்ற இந்த எரிமலைத் தீவில் குடியிருக்கிறவர்கள் மழையைப் பற்றி அப்புறம்தான் கவலைப்படுவார்கள். மலை கக்கும் சாம்பல் இன்று யார் வீட்டுத் துணியில் விழப்போகிறது என்பதை அந்த அரை நிமிடச் செய்தி சொல்லிவிடும்.

"மதியம் வரை காற்று மிகக் குறைவு. பன்னிரண்டு மணிக்கு மேல் வடமேற்கிலிருந்து பலமாக" என்றது வானொலி.

அப்படியென்றால் மதியத்துக்கு மேல் சாம்பல் தென்கிழக்கே போகும். கப்பல்துறைக்கு எதிரே இருக்கும் எங்கள் வாடகைச் சைக்கிள் கடையிலிருந்து மலையைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் தெற்கு. மலையைச் சுற்றிக் கடலோரமாக ஓடும் சாலை முப்பத்தாறு கிலோமீட்டர். வலப்பக்கமாகக் கிளம்பினால் தெற்கையும் கிழக்கையும் மதியத்துக்குள் தாண்டிவிடலாம். ஆக, இன்று கடை வாசல் அம்பு வலப்பக்கம்.

ஏழு மணிக்குக் கைபேசி அடித்தது.

"அம்மா, இன்னைக்கு எந்தப் பக்கம்?"

என் மகள் இரோஹா. பன்னிரண்டு வயது. அப்பாவோடு ஃபுக்குவோக்காவில் இருக்கிறாள். ஐந்து வருடமாகத் தினமும் காலையில் இதே கேள்விதான் எங்களுக்கு வணக்கம்.

"வலப்பக்கம்."

"சரி. யூனிஃபார்ம் வந்துடுச்சும்மா. அப்பா அளவு தப்பா குடுத்திருக்கார். கையே வெளிய தெரியல, சோளக்கொல்லை பொம்மை மாதிரி இருக்கேன். ஏப்ரல் எட்டாம் தேதி புது ஸ்கூல். அதுக்குள்ள வந்துடுவல்ல?"

"ஸ்கூல் சேர்ப்பு விழாவுக்கா? கண்டிப்பா வருவேன்."

"விழாவுக்கு இல்லம்மா. வீட்டுக்கு."

மூன்று வருடம் என்று சொல்லித்தான் நிறுவனம் என்னை இங்கே தனியாக அனுப்பியது. இது ஐந்தாவது வருடம். சனி, ஞாயிறுதான் சைக்கிள்காரர்கள் குவியும் நாள், எனவே எனக்குப் புதன்கிழமை விடுமுறை. ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்தில் வீடு. ஆனால் புதன்கிழமை அவளுக்குப் பள்ளி. மாலையில் இரண்டு மணி நேரம் முகம் பார்த்துவிட்டு, கடைசி ரயிலைப் பிடிக்க ஓடிவரும் அம்மா நான்.

ஒவ்வொரு மார்ச்சிலும் மாற்றல் கேட்டு எழுதினேன். ஒவ்வொரு மார்ச்சிலும் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றார்கள். இந்த வருடம் மண்டல மேலாளர் இவாகிரியே நேரில் வருகிறார். என் விண்ணப்பம் அவர் பையில் இருக்கிறது. முழுச் சுற்றையும் என்னோடு ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம்.

கடையைத் திறந்தபோது சகோதா அண்ணன் ஏற்கெனவே ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அறுபது வயது, தீவிலேயே பிறந்தவர், எங்கள் மெக்கானிக்.

"என்ன மேனேஜரம்மா, மூஞ்சி பரீட்சைக்குப் போற மாதிரி இருக்கு?"

"பரீட்சைதானே அண்ணே. இன்னைக்கு நல்லபடியா முடிஞ்சா அனுப்பிடுவாங்க."

அவர் சிரித்தார். "யாரு சொன்னா? உங்களுக்கு முன்னாடி குரோகின்னு ஒருத்தர் இருந்தார். அவர் எப்படித் தப்பிச்சார் தெரியுமா? மேலதிகாரியக் கூட்டிட்டுப் போய், வழியில பஞ்சர். பம்பு கொண்டு போகல. ஏழு கிலோமீட்டர் தள்ளிட்டே நடக்க வெச்சார். அடுத்த மாசமே ஃபுக்குவோக்காவுல ஏசி ரூம்! நல்லா வேலை செய்யறவன எவனாவது நகத்துவானா? நீங்க பாட்டுக்கு அஞ்சு வருஷமா நல்லா செஞ்சுட்டு, அனுப்பல அனுப்பலன்னா?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அது வேடிக்கையாக விழவில்லை.

வாசலில் எங்கள் பலகை நின்றது. ஒரு மரக்கம்பம், அதன் மேல் சுழலும் மர அம்பு. நான் வந்த முதல் மாதத்தில் எட்டுப் பேர் மாவில் புரட்டியெடுத்த மீன்போலத் திரும்பி வந்தார்கள். அன்று நானே செய்து நட்ட பலகை அது. தினமும் காற்றைக் கேட்டு அம்பைத் திருப்புவேன். வாடகைக்கு எடுப்பவர்கள் அம்பு காட்டும் பக்கம் கிளம்புவார்கள். நிறுவனத்தின் விதிப்புத்தகத்தில் இது கிடையாது. தலைமை அலுவலகம் அச்சடித்த வரைபடத்தில் சுற்று என்றைக்கும் இடப்பக்கமாகத்தான். அப்படிப் போனால் கடலை ஒட்டியே ஓட்டலாம், படங்கள் நன்றாக வரும்.

நேற்றைய அம்பு இடப்பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டேன். திருப்பவில்லை.

இடப்பக்கமாகப் போனால் பன்னிரண்டு மணிக்குச் சரியாகக் கிழக்கே இருப்போம். மேலாளரின் பல்லில் கொஞ்சம் சாம்பல் நறநறக்கும். சட்டை கெட்டுப்போகும். இவளுக்கு இந்த இடம் சரிப்படாது என்று எழுதிவிட்டுப் போவார். கண்ணாடி, முகமூடி வைத்திருக்கும் பையையும் மேசைக்கு அடியிலேயே தள்ளினேன். பம்பை மட்டும் விட்டுவிட்டுப் போகக் கை வரவில்லை.

தீவுக்காரர்கள் செய்யும் தவறு இது. சாம்பலை நாங்கள் பயத்தோடு பார்ப்பதே இல்லை, பெருக்கித் தள்ளும் குப்பையாகவே பார்ப்போம்.

"காத்து வடமேற்குன்னானே? அம்பு இடப்பக்கம் இருக்கு?" என்றார் சகோதா.

"தலைமை அலுவலகம் போட்ட வரைபடப்படி போறோம் அண்ணே. அவர் அதைத்தான் பார்க்கணும்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சக்கரத்துக்குத் திரும்பிக்கொண்டார்.

ஒன்பதரைக் கப்பலில் இவாகிரி வந்தார். ஐம்பது வயது. புதுச் சைக்கிள் உடை, மடிப்புக் கலையவில்லை. கப்பலில் குடித்த நூடுல்ஸ் சூப்பின் மணம் இன்னும் அடித்தது. அவரைக் கடைக்கு அழைத்து வந்து தலைக்கவசத்தை எடுக்கும்போது சகோதா சாதாரணமாகச் சொன்னார்:

"ஒசாகாலேர்ந்து ஒரு ஜோடி வந்துச்சு. மஞ்சள் பேட்டரி சைக்கிள் ரெண்டு குடுத்தேன். அம்பைப் பார்த்துட்டு இடப்பக்கம் போயிட்டாங்க."

பலகை மேலாளருக்கு மட்டும் இல்லையே. எல்லோருக்கும்தானே.

"எப்ப அண்ணே?"

"பத்து நிமிஷம் இருக்கும். வயசானவங்க. அந்தம்மா இப்பவே நூறு போட்டோ எடுத்தாச்சு."

அப்போதே கூப்பிட்டுத் திரும்பி வரச் சொல்லியிருக்க வேண்டும். இவாகிரி பக்கத்தில் நின்று கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். பேட்டரி வண்டிதானே, மதியத்துக்குள் கிழக்கைத் தாண்டிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"கிளம்பலாமா சார்?"

வடபக்கம் அழகாக இருந்தது. கடல் கண்ணாடிபோல, ஆரஞ்சுத் தோட்டங்கள் சரிவில், சாலையில் வண்டிகளே இல்லை. இவாகிரி பின்னாலிருந்து கேட்டார்:

"இது ரொம்ப சுலபமா இருக்கே. வழியும் ஒண்ணுதான். இதுக்கு எதுக்கு ஒரு மேனேஜர்?"

"அதான் சார் நானும் சொல்றேன். யார் வேணா பண்ணலாம்."

அவர் தலையாட்டினார். என் மனதில் ஒரு கதவு திறந்தாற்போல இருந்தது. ஷிராஹாமா வளைவில் முள்ளங்கி வயலிலிருந்து டோமே அக்கா கையை ஆட்டினாள். அவள் குரல் அக்கரை நகரம்வரை கேட்கும்.

"ஏ சுமிரே! இன்னைக்கு என்னடி இந்தப் பக்கமா வர்ற? காத்து கேக்கலியா?"

"கேட்டேன் அக்கா, கேட்டேன்!"

"கேட்டுட்டுமா? புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

"என்ன காத்து?" என்றார் இவாகிரி.

"சும்மா, அவங்க அப்படித்தான் பேசுவாங்க சார்."

எனக்கு ஒசாகா ஜோடியின் நினைவாகவே இருந்தது. எங்காவது அந்த இரண்டு மஞ்சள் சைக்கிள்களும் தெரியும் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் தேடினேன். காணோம். தாண்டிப் போயிருப்பார்கள், நல்லது என்று நினைத்தேன்.

கிழக்கே குரோகமி ஊரைக் கடந்தபோது மணி பன்னிரண்டு பத்து. அங்கிருந்து வீடுகள் கிடையாது. இரண்டு பக்கமும் கறுத்த எரிமலைப் பாறை, நடுவே சாலை. என் கழுத்தின் பின்பக்கம் குளிர்ந்தது. காற்று திரும்பிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். உச்சியிலிருந்து சாம்பல்நிறப் புகை நெட்டுக்குத்தாக எழும்பி, எங்கள் தலைக்கு மேலே சாயத் தொடங்கியிருந்தது.

"அது... அது வெடிக்குதா?" இவாகிரியின் குரல் உடைந்தது.

"இது வெடிப்பு இல்ல சார். மலை செருமுது, அவ்வளவுதான்."

சொல்லி முடிக்கும் முன் அடிவயிற்றில் ஒரு குத்துபோல அதிர்வு வந்தது. அதன் பின்னால் சத்தம். இது செருமல் இல்லை. ஐந்து வருடத்தில் இப்படி மூன்று முறைதான் கேட்டிருக்கிறேன்.

முதலில் சாம்பல். பிறகு என் தலைக்கவசத்தில் டக் என்று ஒன்று. சாலையில் பட்டாணி அளவுக் கற்கள் துள்ளின.

"சார், முந்நூறு மீட்டர்ல சிமெண்ட் கூண்டு இருக்கு. தலையக் குனிஞ்சுட்டு மிதிங்க. நிக்காதீங்க. மிதிங்க!"

சாலையோரத்தில் இதற்காகவே கட்டிவைத்த கூண்டு அது. தடித்த கூரை, மூன்று சுவர், முன்பக்கம் திறப்பு. உள்ளே விழுந்தோம். வெளியே பகல் அணைந்து போனது. கூரையில் கற்கள் கொட்டின.

இவாகிரி இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கினார்.

"கசக்காதீங்க! கையை எடுங்க. அது கண்ணாடித் தூள் மாதிரி, கீறிடும்." அவர் தலையைச் சாய்த்து, புட்டித் தண்ணீரால் கண்ணைக் கழுவினேன். கழுத்துத் துண்டை நனைத்து மூக்கில் கட்டினேன். "மூக்கால மெதுவா. வாயால இழுக்காதீங்க."

"நாம செத்துடுவோமா?"

"மாட்டோம் சார். நாற்பது நிமிஷம். மீறினா ஒரு மணி நேரம்."

அவர் மூலையில் சுருண்டு உட்கார்ந்தார். நான் சகோதாவைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ஒசாகா ஜோடி எங்க?"

"நானும் அடிச்சுட்டே இருக்கேன், எடுக்க மாட்டேங்கறாங்க. தெற்கே அரிமுரா கடையில கேட்டேன். மஞ்சள் சைக்கிள் எதுவும் தாண்டலயாம்."

தாண்டவில்லை. எங்களுக்குப் பின்னாலும் இல்லை. நடுவில் இருப்பது இந்த ஆளில்லாத பாறைச் சாலை மட்டும். படம் எடுப்பவர்கள் எங்கே நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு கிலோமீட்டர் முன்னால், கடல் தெரியும் வளைவு. வண்டியைச் சாலையிலிருந்து இறக்கி, பாறைக்கு அந்தப் பக்கம் நிறுத்துவார்கள். போகிறவர்கள் கண்ணுக்கே படாது. அங்கே கூண்டு கிடையாது.

நான் உட்கார்ந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கற்கள் விழுகின்றன, மேலாளர் பக்கத்தில் நடுங்குகிறார், காரணங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த இருவரையும் அங்கே அனுப்பியது என் அம்பு.

"எங்க போறீங்க? சுமிரே! என்னைத் தனியா விட்டுட்டு எங்க போறீங்க?"

"வந்துடறேன் சார். வெளிய வராதீங்க."

பயணப்பையை விரித்துத் தலைக்கவசத்தின் மேல் கட்டிக்கொண்டு கிளம்பினேன். விளக்கு போட்டும் சக்கரத்துக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ஓரத்து வெள்ளைக்கோடு சாம்பலுக்குள் மறைந்தபோது, கடல் இரைச்சலை இடக்காதில் வைத்துக்கொண்டு மிதித்தேன். தோளில் ஒரு கல் பட்டது. நான் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் என்னையே திட்டிக்கொண்டே போனேன்.

வளைவில் இரண்டு மஞ்சள் சைக்கிள்கள் கிடந்தன. பாறை இடுக்கில் கிழவர் குந்தியிருந்தார். அவர் தலைக்கு மேல் மனைவி ஒரு மடக்குக் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் கைபேசி, படமெடுத்தபடி.

"பாருங்க, ஆள் வந்துடுச்சு! நான் சொன்னேன்ல?" என்றாள் அந்த அம்மாள்.

"இவ சொன்னா, எல்லாமே இவ சொன்னா," என்றார் கிழவர். "வீட்டுலேயே இருப்போம்னு நான் சொன்னேன், அது மட்டும் கணக்குல வராது."

"அம்மா, போனை எடுக்கலியே?"

"எப்படி எடுக்கறது? வீடியோ ஓடுதே!"

கிழவரின் நெற்றியில் ஒரு கோடு ரத்தம். துணியால் கட்டினேன். சைக்கிள்களை அங்கேயே போட்டுவிட்டு, நடுவில் நான், இரண்டு பக்கமும் அவர்கள், தலைமேல் குடையும் பையுமாக நடந்தோம். ஒரு கிலோமீட்டர் நடக்க அரை மணி ஆயிற்று. வழியெல்லாம் அந்த அம்மாள் பேசிக்கொண்டே வந்தாள். பாதி தூரத்தில் பேச்சு நின்றது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

கூண்டுக்குள் நான்கு பேர் ஆனோம். ஒன்றே முக்காலுக்குக் கற்கள் நின்றன. சகோதா சிறிய லாரியோடு வந்து சேர்ந்தார்.

கடையில் தேநீர் வைத்துக் கொடுத்தேன். ஒசாகா ஜோடியை மருத்துவமனை வண்டி ஏற்றிப்போனது. இரண்டு தையல் போதுமாம். இவாகிரி முகம் கழுவிவிட்டு வந்தார். காதுமடலில் மட்டும் சாம்பல் மிச்சம். என்னைப் பார்த்து ஆழமாகக் குனிந்து வணங்கினார். மேலாளர் யாரும் என்னை அப்படி வணங்கியதில்லை.

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். என் மாற்றல் விண்ணப்பம். அடியில் சிவப்பு முத்திரை, பளிச்சென்று.

"போன வாரமே முத்திரை குத்திட்டேன்," என்றார். "உங்ககிட்ட நேர்ல குடுத்துட்டு, ஒரு சுத்து சுத்திட்டுப் போகலாம்னுதான் வந்தேன். காலையில ஓட்டும்போதுகூட நெனச்சேன், சுலபமான வேலை, புதுசா ஒரு பையனைப் போட்டா போதும்னு."

நான் அந்த முத்திரையையே பார்த்தேன். ஆறே முக்கால் செய்தியைக் கேட்டு, என்றும் போல அம்பைத் திருப்பியிருந்தால், இந்நேரம் வெயிலில் சுற்றி முடித்துவிட்டு இந்தக் காகிதத்தோடு நின்றிருப்பேன்.

அவர் விண்ணப்பத்தை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"இப்ப தெரியுது. இந்த இடத்துல வேற ஒருத்தரை வெச்சா, அடுத்த தடவை யாராவது செத்துடுவாங்க."

"சார், ஒரு நிமிஷம். நான் சொல்றதைக் கேளுங்க. இன்னைக்கு வலப்பக்கம் போயிருக்கணும். எனக்குத் தெரியும். வேணும்னே அம்பைத் திருப்பாம விட்டேன். உங்களுக்கு என் மேல வெறுப்பு வரட்டும்னு. அந்த ரெண்டு பேரும் மாட்டினது என்னாலதான்."

சொல்லிவிட்டேன். நெஞ்சு லேசானது. வேலையை விட்டே தூக்கட்டும். அவமானத்தோடு போனாலும் வீட்டுக்குத்தானே போவேன்.

இவாகிரி வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவங்க சொல்றத நம்பாதீங்க சார்." சகோதா துணியில் கை துடைத்தபடி நின்றார். "அம்பைத் திருப்பறது என் வேலை. நான்தான் மறந்துட்டேன். என் தலையைக் காப்பாத்தத்தான் இப்படிப் பேசறாங்க."

"அண்ணே! என்ன பேசறீங்க?"

"விடுங்கம்மா. தப்பு என்னுது."

இவாகிரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கின. சாம்பலாலும் இருக்கலாம்.

"கீழ வேலை பார்க்கறவர் தப்பையும் தன் மேல போட்டுக்கறாங்க," என்றார். "இன்னும் மூணு வருஷம், சுமிரே. தயவுசெஞ்சு."

அவர் போனதும் சகோதாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

"உங்க வேலை போயிடும்னுதான்."

"அது மட்டும்தானா?"

அவர் கையிலிருந்த சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். "புதுசா வர்றவன் காத்து கேப்பானா?" என்றார். "எல்லாருக்கும் வீடு இருக்கு மேனேஜரம்மா. இங்க வர்றவங்களுக்கும்தான்."

அன்று மாலை இரோஹாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லி அப்பாவிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே இரும்பில் செய்த, சுழலும் புது அம்பு, இரும்புக் கம்பம், நிறுவனத்தின் நீல வண்ணத்தில். இனிமேல் இது விதிப்புத்தகத்திலும் இருக்குமாம். பொறுப்பு என்ற இடத்தில் என் பெயர். சகோதா பழைய மரக்கம்பத்தைப் பிடுங்கிவிட்டு, அதே குழியை ஆழப்படுத்திச் சிமெண்ட் கொட்டினார்.

"இனி சூறாவளி வந்தாலும் அசையாது," என்றார், கரண்டியால் தட்டிக்கொண்டே.

மறுநாள் ஆறே முக்காலுக்கு வானொலி காற்று சொன்னது. ஏழு மணிக்குக் கைபேசி அடிக்கவில்லை. அந்த இரண்டு வாரமும் அடிக்கவில்லை. ஏழு ஐந்துக்கு நானே கூப்பிட்டேன்.

"இரோஹா, இன்னைக்கு இடப்பக்கம்."

"நான் கேக்கலியேம்மா," என்றாள்.

பிறகு அப்பா கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாள்.

வாசலுக்கு வந்தேன். முதல் கப்பல் கரை சேர்ந்திருந்தது. சிமெண்ட் நன்றாக இறுகிவிட்டிருந்தது. அம்பை இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கம் திருப்பினேன்.